முன்னச்சு அதிர்வு

முன்னச்சு அதிர்வு என்பது நான்கு சக்கரங்களுக்கும் இயக்க ஆற்றல் செலுத்தப்படும் சுமையுந்து, ஜீப்பு முதலிய ஊர்திகளின் முன்பகுதியில் குறிப்பிட்ட வேகத்திலோ குறிப்பிட்ட சூழலிலோ தொடர்ந்து தோன்றும் நடுக்கம் ஆகும். இது ஸ்டீயரிங் வளையத்திலும், ஓட்டுநரின் காலடித் தளத்திலும், சில நேரங்களில் வண்டி முழுவதிலும் உணரப்படும். பின்சக்கரங்கள் மட்டும் இயக்கப்படும் வண்டியின் முன்னச்சில் சுழலும் உறுப்புகள் சக்கரங்களும் அவற்றின் தாங்கிகளும் மட்டுமே. நான்கு சக்கர இயக்க வண்டியில் இவற்றோடு முன் உந்துத் தண்டு, முன் வேறுபாட்டுப் பல்லிணை, அரைத்தண்டுகள், அவற்றின் மூட்டுகள் ஆகியனவும் சுழல்கின்றன. எனவே ஒரே மாதிரியான அதிர்வு பல மூலங்களிலிருந்து எழக்கூடும். மூலத்தை வரிசைமுறைப்படி பிரித்தறியாமல் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது செலவு மிக்கது. மலைச்சாலைகளில் அது உயிருக்கும் ஆபத்தானது.

கொங்குப் பகுதியில்

ஈரோடு மாவட்டத்தின் வடக்கிலும் மேற்கிலும் சமவெளியும் மலையும் சட்டென்று சந்திக்கின்றன. சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி வழியாகக் கர்நாடகத்தின் சாமராசநகருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் திம்பம் மலைப்பாதை 27 கொண்டையூசி வளைவுகளைக் கொண்டது. தாளவாடி, கடம்பூர் மலை, அந்தியூரை அடுத்த பர்கூர் மலை ஆகிய பகுதிகளில் விளைபொருள்களையும் மக்களையும் ஏற்றிச் செல்லும் பணியில் நான்கு சக்கர இயக்க ஜீப்புகளும் சிறு சுமையுந்துகளும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளன. கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் போன்ற ஊர்களுக்குச் செல்லும் மண் வழிகளில் காட்டாற்றுப் பள்ளங்களைக் கடந்தே வண்டிகள் சென்று வந்தன.

இந்தியாவில் இவ்வகை வண்டிகளின் வரலாறு மகிந்திரா நிறுவனம் மும்பையில் வில்லிசு ஜீப்புகளை ஒன்றிணைக்கத் தொடங்கியதோடு பரவலாயிற்று. இராணுவத்திற்காக ஜபல்பூரில் 1959 முதல் செருமனியின் மான் நிறுவன வடிவமைப்பைக் கொண்ட சக்திமான் சுமையுந்துகள் உருவாக்கப்பட்டன. பின்னர் அசோக் லேலண்டு நிறுவனத்தின் இசுடாலியன் சுமையுந்து அவற்றின் இடத்தைப் பிடித்தது. இராணுவம் ஏலத்தில் விட்ட பழைய நான்கு சக்கர இயக்க வண்டிகள் தோட்டங்களிலும் மலைவழிகளிலும் மறுவாழ்வு பெறுவதுண்டு. வயது முதிர்ந்த இத்தகைய வண்டிகளில் தேய்வு பல உறுப்புகளில் ஒரே நேரத்தில் காணப்படும். அதிர்வைக் கண்டறிவதும் அதனால் கடினமாகிறது.

ஈரோட்டை அடுத்த சித்தோட்டில் 1984 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சாலை மற்றும் போக்குவரத்துத் தொழில்நுட்ப நிறுவனம், தற்போதைய ஈரோடு அரசு பொறியியல் கல்லூரி, தானுந்துப் பொறியியலைப் பாடமாகக் கற்பிக்கிறது. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு ஆகிய அண்டை ஊர்கள் லாரித் தொழிலுக்கும், கூடு கட்டுவதற்கும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்கும் பெயர் பெற்றவை.

இயக்கத் தொடரின் அமைப்பு

பொறியின் ஆற்றல் கியர் பெட்டியைக் கடந்து பகிர்வுப் பெட்டியை அடைகிறது. அங்கிருந்து ஓர் உந்துத் தண்டு பின்னச்சுக்கும் மற்றொன்று முன்னச்சுக்கும் செல்கின்றன. ஒவ்வொரு தண்டின் இரு முனைகளிலும் சிலுவை வடிவ யூனிவர்சல் மூட்டு உண்டு. பட்டறைகளில் இம்மூட்டின் நடுவிலுள்ள சிலுவையைக் கிராஸ் என்றே கூறுவர். வில்தகடுகள், அதாவது கமான் பட்டைகள், மேலும் கீழும் அசையும்போது தண்டின் நீளம் மாற வேண்டியிருப்பதால், அதில் நீண்டு குறுகும் வரிப்பள்ள இணைப்பு அமைந்திருக்கும்.

நான்கு சக்கர இயக்கம் இரு பெரும் வகைப்படும்.

பகுதிநேர இயக்கம்: இயல்பாகப் பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும். நெம்புகோலை மாற்றினால் முன் தண்டும் பின் தண்டும் இறுகப் பிணைக்கப்பட்டு ஒரே வேகத்தில் சுழலும்.

முழுநேர இயக்கம்: எப்போதும் நான்கு சக்கரங்களும் இயங்கும். முன் பின் அச்சுகளுக்கிடையே நடு வேறுபாட்டுப் பல்லிணையோ பாகுநிலை இணைப்போ இருந்து வேக வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளும்.

பகுதிநேர வண்டிகள் சிலவற்றில் முன்சக்கரக் குடங்களில் பூட்டித் திறக்கும் அமைப்பு உண்டு. இக்குடங்களைத் திறந்துவிட்டு இரு சக்கர இயக்கத்தில் ஓட்டும்போது முன் அரைத்தண்டுகளும் முன் உந்துத் தண்டும் சுழலாமல் நிற்கும். இவ்வமைப்பு இல்லாத வண்டியில் இரு சக்கர இயக்கத்திலும் முன்சக்கரங்கள் அவற்றைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அதிர்வைக் கண்டறிவதில் இவ்வேறுபாடு மிக முக்கியமானது.

அதிர்வெண்ணும் மூலமும்

ஒவ்வோர் உறுப்பும் தனக்கே உரிய வேகத்தில் சுழல்வதால், நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதே மூலத்தைக் காட்டும் முதற் சான்றாகும். 2.5 மீட்டர் சுற்றளவுள்ள டயர்களையும், 4.5 என்ற அச்சுப் பல்விகிதத்தையும் கொண்ட வண்டி ஒன்று மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அவ்வேகம் நொடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர். அப்போது,

- சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 6.7 முறை சுழலும்.
- உந்துத் தண்டு அதைப்போல 4.5 மடங்கு, அதாவது 30 முறை சுழலும்.
- யூனிவர்சல் மூட்டுகளால் எழும் துடிப்பு தண்டின் ஒரு சுற்றுக்கு இரண்டு என்பதால் நொடிக்கு 60 ஆகும்.

நொடிக்கு 6 அல்லது 7 முறை எழும் அதிர்வைக் கை தனித்தனி ஆட்டமாக உணரும். ஸ்டீயரிங் இடமும் வலமும் ஆடுவது கண்ணுக்கும் தெரியும். நொடிக்கு 30 என்பது தளத்தில் பரவும் நடுக்கமாகவும், 60 என்பது காதில் விழும் உறுமலாகவும் அமையும்.

இக்கணக்கில் ஒரு சிக்கல் உள்ளது. நேர் கியரில், பகிர்வுப் பெட்டியும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கையில், பொறியும் உந்துத் தண்டும் ஒரே வேகத்தில் சுழலும். நான்கு உருளைப் பொறியில் ஒரு சுற்றுக்கு இரண்டு எரிப்புகள் நிகழ்வதால், அதன் துடிப்பும் மூட்டுகளின் துடிப்பைப் போலவே நொடிக்கு 60 ஆகிவிடும். எனவே அதிர்வெண்ணை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் பிரிக்க இயலாது. வண்டியின் வேகத்தை மாற்றாமல் ஒரு கியர் குறைத்துப் பார்க்க வேண்டும். அதிர்வு மாறாதிருந்தால் மூலம் தண்டிலோ சக்கரத்திலோ உள்ளது. மாறினால் அது பொறியையோ பொறியின் தாங்குகட்டைகளையோ சார்ந்தது.

காரணங்கள்

சக்கரமும் டயரும்

மிகப் பரவலான காரணம் சக்கரத்தின் எடைச் சமனின்மை. சுழலும் சமனற்ற எடையின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். மேற்கூறிய சக்கரத்தில் அச்சிலிருந்து 20 செ.மீ. தொலைவில் 100 கிராம் எடை மிகுதியாக இருந்தால், 60 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ 35 நியூட்டன் விசையையும், 80 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 62 நியூட்டன் விசையையும் தரும். மழைக்காலத்தில் சக்கர வளையத்தின் உட்புறம் ஒட்டிக் காய்ந்த சேறே இத்தகைய சமனின்மையை உண்டாக்கப் போதுமானது. மண்வழியிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறியவுடன் தொடங்கும் அதிர்வுக்கு முதலில் செய்ய வேண்டியது வளையத்தின் உட்புறத்தைக் கழுவுவதே.

வளையம் கோணியிருத்தல், டயரின் வட்டம் பிசகியிருத்தல், உள்ளிழைகள் பிரிந்து டயர் புடைத்தல், ரீட்ரெட் செய்த டயரின் மேற்பட்டை சீராக ஒட்டாமை ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றை எடை சேர்த்துச் சமன்செய்ய முயல்வது பயனற்றது. சமனான டயரும் வட்டம் பிசகினால் அதிரவே செய்யும். சக்கர மரைகளை வட்ட வரிசையில் இறுக்குவதால் வளையம் குடத்தின் மேல் சாய்ந்து அமர்வதும் உண்டு. மரைகளை எதிரெதிராக, படிப்படியாக இறுக்க வேண்டும்.

உந்துத் தண்டும் மூட்டுகளும்

யூனிவர்சல் மூட்டைக் கார்டன் மூட்டு என்றும் ஊக் மூட்டு என்றும் கூறுவர். சாய்வாக இயங்கும் இம்மூட்டின் ஒருபுறத் தண்டு சீரான வேகத்தில் சுழன்றாலும், மறுபுறத் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் சுழலும். சாய்வு 10 பாகையாக இருக்கும்போது இவ்வேறுபாடு ஏறத்தாழ 1.5 விழுக்காடு, 20 பாகையில் 6 விழுக்காட்டைத் தாண்டும். தண்டின் இரு முனைகளிலும் ஒரே அளவு சாய்வுள்ள மூட்டுகளை அமைத்து, அவற்றின் கவைகளை ஒரே தளத்தில் நிறுத்தினால், முதல் மூட்டு உண்டாக்கும் வேறுபாட்டை இரண்டாம் மூட்டு நீக்கிவிடும்.

இவ்வொழுங்கு மூன்று வழிகளில் கெடுகிறது.

1. தண்டைக் கழற்றி மீண்டும் பூட்டும்போது வரிப்பள்ள இணைப்பு பல் மாறிப் பொருந்துதல். கவைகள் ஒரே தளத்தில் இராமையால் துடிப்பு நீங்காது. கழற்றுவதற்கு முன் இரு பகுதிகளிலும் அடையாளக் கோடு இடுவது இதனைத் தடுக்கும்.

2. மிகுந்த சுமை ஏற்றுவதற்காகக் கமான் பட்டைகளைக் கூட்டுதல். வண்டி உயர்வதால் முன் தண்டின் சாய்வு கூடுகிறது. முன் தண்டு நீளம் குறைந்ததாதலால், பின் தண்டைவிட அதன் கோணம் விரைவாக மாறும்.

3. சிலுவையின் ஊசித் தாங்கிகள் தேய்தல். கிரீஸ் இன்றியும், ஆற்று நீர் புகுந்தும் இவை வறண்டு துருவேறும். தாங்கியைச் சுற்றிச் செந்நிறத் துருத்தூள் காணப்படுவது இதன் அடையாளம்.

தண்டின் எடைச் சமனுக்காகத் தொழிற்சாலையில் ஒட்டப்பட்ட சிறு தகடு கல்லில் அடிபட்டு விழுந்துவிடுவதும், குழாய் நெளிவதும் அதிர்வைத் தரும்.

ஸ்டீயரிங் இணைப்புகளும் கிங் பின்னும்

இடமும் வலமும் இறுகப் பிணைந்த ஒற்றை முன்னச்சைக் கொண்ட வண்டிகளில் சக்கர நடுக்கம் என்னும் கடுமையான ஆட்டம் தோன்றுவதுண்டு. ஒரு குழியில் இறங்கி ஏறியவுடன் முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக வேகமாக ஆடத் தொடங்கும். ஸ்டீயரிங்கைப் பிடித்து நிறுத்துவது அரிது. வேகத்தைக் கணிசமாகக் குறைக்கும் வரை ஆட்டம் நிற்காது. சுழலும் சக்கரம் கொட்பளவியின் இயல்பு உடையது. மேடு பள்ளத்தில் அச்சு ஒருபுறம் சாயும்போது, அச்சாய்வு சக்கரத்தைப் பக்கவாட்டில் திருப்பும் முறுக்காக மாறுகிறது. கிங் பின் தாங்கிகள், இணைப்புக் கம்பிகளின் பந்து முனைகள், ஸ்டீயரிங் பெட்டியின் பிடிப்பு ஆகியவற்றில் உள்ள தளர்வுகள் ஒன்றுசேர்ந்து இவ்வாட்டத்துக்கு இடம் தருகின்றன.

ஸ்டீயரிங் அதிர்வுத்தணிப்பியைப் புதிதாகப் பொருத்தினால் இந்நடுக்கம் சிறிது காலம் மறையும். எனினும் தளர்ந்த உறுப்பு அப்படியே இருப்பதால் இது குறியை மறைப்பதே அன்றி நோயைத் தீர்ப்பது ஆகாது.

இயக்கச் சிக்குண்டல்

வளைவில் திரும்பும் வண்டியின் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் செல்கின்றன. பகுதிநேர நான்கு சக்கர இயக்கத்தில் இரு தண்டுகளும் பிணைக்கப்பட்டிருப்பதால், இவ்வேறுபாடு தண்டுகளில் முறுக்காகச் சேர்ந்து, டயர் வழுக்கும்போது துள்ளலாக வெளிப்படும். சேற்றிலும் மணலிலும் டயர் எளிதில் வழுக்குவதால் இது தெரியாது. காய்ந்த தார்ச்சாலையில், குறிப்பாகக் கொண்டையூசி வளைவுகளில், வண்டி திக்கித் திக்கி நகரும்.

முன் பின் டயர்களின் அளவு வேறுபட்டாலும் நேர்ச்சாலையிலேயே இந்நிலை ஏற்படும். முன் டயர்களின் ஆரம் 10 மி.மீ. தேய்ந்திருந்தால், 2.5 மீட்டர் சுற்றளவில் ஏறத்தாழ 63 மி.மீ. குறையும். ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் முன்னும் பின்னும் 25 மீட்டர் வேறுபாடு உண்டாகிறது. ஆகவே இவ்வண்டிகளில் முன்புறம் மட்டும் புது டயர் இடுவது தவறாகும்.

பழைய வகை முன்னச்சுகளில் சக்கரத்தை ஒட்டிய மூட்டும் ஒற்றைச் சிலுவையாக இருக்கும். சக்கரம் 30 பாகை திருப்பப்படும்போது அதன் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 13 முதல் 15 விழுக்காடு வரை கூடிக் குறையும். எனவே குறுகிய வளைவில் மட்டும் தோன்றி, நேரானவுடன் மறையும் துடிப்பு இவ்வண்டிகளுக்கு இயல்பானது, பழுது அன்று. இக்குறையை நீக்கும் சீர்வேக மூட்டுகள் 1920களில் உருவாயின. அவற்றுள் ஆல்பிரெட் செப்பாவின் வடிவமைப்பு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது.

நிறுத்தியினால் எழும் அதிர்வு

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் எழும் அதிர்வு பிரேக் டிரம்மின் வட்டம் பிசகியதாலோ, வட்டு நெளிந்ததாலோ உண்டாவது. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை மிதித்துச் சூடேற்றிய பின் இது தோன்றும்.

கண்டறியும் முறை

எளிதானதையும் செலவற்றதையும் முதலில் செய்து, ஒவ்வோர் ஆய்விலும் ஒரு காரணத் தொகுதியை முழுமையாக நீக்குவதே முறையின் அடிப்படை. ஒரே நேரத்தில் இரு மாற்றங்களைச் செய்தால் எதனால் பயன் விளைந்தது என்பது தெரியாமற் போகும்.

1. கேட்டறிதல். அதிர்வு எந்த வேகத்தில் தொடங்கி எதில் முடிகிறது, சுமையோடு மாறுகிறதா, எந்தப் பழுதுபார்ப்புக்குப் பின் தொடங்கியது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். தண்டைக் கழற்றிப் பூட்டிய மறுநாள் தொடங்கிய அதிர்வுக்குக் கவைகளின் நிலையையே முதலில் பார்க்க வேண்டும்.

2. கண்ணால் காணல். சேறு, டயர்ப் புடைப்பு, காற்றழுத்தம், விழுந்த சமன் எடைகள், தளர்ந்த கமான் பட்டைக் கவ்விகள் ஆகியவற்றைப் பார்த்தல்.

3. சமதளச் சாலையில் ஓட்டிப் பார்த்தல். அதிர்வு தோன்றும் வேகத்தில் கிளட்சை மிதித்தால் அதிர்வு நீடிக்கிறதா எனக் காணல். விசையோடு செல்லும்போது மட்டும் தோன்றினால் மூட்டுச் சாய்வோ பல்லிணையோ ஐயத்திற்குரியது. இவ்வாய்வை இறக்கத்தில் ஒருபோதும் செய்யலாகாது.

4. முன் தொடரைப் பிரித்தல். சக்கரக் குடங்களைத் திறந்துவிட்டு இரு சக்கர இயக்கத்தில் அதே வேகத்தில் ஓட்ட வேண்டும். அதிர்வு மறைந்தால் மூலம் முன் தண்டு, பல்லிணை, அரைத்தண்டு ஆகியவற்றுள் ஒன்று. நீடித்தால் முன்புறத்தில் எஞ்சியவை சக்கரம், தாங்கி, ஸ்டீயரிங் ஆகியனவே. திறக்கும் குடங்கள் இல்லாத பகுதிநேர வண்டியில் முன் தண்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். நடு வேறுபாட்டுப் பல்லிணை உடைய முழுநேர வண்டியில், அப்பல்லிணையைப் பூட்டாமல் தண்டைக் கழற்றினால் வண்டி நகராது. பாகுநிலை இணைப்பு உள்ளவற்றில் இவ்வாறு ஓட்டுவது அவ்விணைப்பைக் கெடுக்கும்.

5. சக்கரங்களை முன்பின் மாற்றுதல். அதிர்வு ஸ்டீயரிங்கிலிருந்து இருக்கைக்கு இடம்பெயர்ந்தால் சக்கரமே காரணம்.

6. ஜாக்கியில் உயர்த்திச் சோதித்தல். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்க வேண்டும். தளர்வு தெரிந்தால், மற்றொருவர் பிரேக்கை மிதிக்க மீண்டும் அசைக்க வேண்டும். தளர்வு மறைந்தால் பழுது சக்கரத் தாங்கியில். மறையாவிடில் கிங் பின்னில். இடமும் வலமுமாக அசைக்கையில் தெரியும் தளர்வு பெரும்பாலும் இணைப்புக் கம்பியின் முனைகளைக் காட்டும்.

7. அளத்தல். டயல் கேஜ் கொண்டு வளையத்தின் கோணலையும் தண்டின் நெளிவையும், கோணமானி கொண்டு மூட்டுகளின் சாய்வையும் அளத்தல். தண்டின் சமனின்மையை உறுதிசெய்ய, குழாய்க் கவ்வி ஒன்றைத் தண்டின் மேல் இறுக்கி, அதன் திருகைச் சிறிது சிறிதாகச் சுற்றி நிறுத்தி ஓட்டிப் பார்க்கும் முறையும் வழக்கில் உள்ளது. ஓரிடத்தில் அதிர்வு குறைந்து எதிரிடத்தில் மிகுமானால் தண்டு சமனற்றது என்பது தெளிவாகும்.

பொதுவான தவறுகள்

சக்கரச் சீரமைப்பு, பேச்சுவழக்கில் வீல் அலைன்மெண்ட், எல்லா அதிர்வுக்கும் மருந்தெனக் கருதப்படுகிறது. சீரமைப்புப் பிழை டயரைத் தேய்க்கும். வண்டியை ஒருபக்கம் இழுக்கும். தளர்வில்லாத முன்னச்சில் அது தனியாகச் சீரான அதிர்வை உண்டாக்குவது அரிது. தளர்ந்த கிங் பின்னோடு செய்யப்படும் சீரமைப்பு அளவுகள் நிலைத்து நிற்பதுமில்லை.

ஒரு பழுதை நீக்கியபின் அதிர்வு குறைந்து, ஆனால் நீங்காதிருப்பது இரண்டாவது மூலம் உண்டென்பதன் அடையாளமாகும். முதல் பழுதுபார்ப்பு தவறு என்று முடிவுசெய்து பழைய உறுப்பையே மீண்டும் பொருத்துவது தொல்லையை நீட்டிக்கும்.

பாதுகாப்பு

முன் உந்துத் தண்டின் மூட்டு ஓடும்போது முறிந்தால், தண்டு தரையில் ஊன்றியோ சுழன்றடித்தோ எரிபொருள், பிரேக் குழாய்களைச் சிதைக்கக்கூடும். திம்பம் போன்ற மலைப்பாதையில் இறங்கும் வண்டிக்குப் பிரேக் குழாய் அறுவது பெருங்கேடாக முடியும். எனவே நாளுக்கு நாள் மிகும் அதிர்வும், கியர் மாற்றுகையில் எழும் உலோக ஒலியும் சேர்ந்து தோன்றினால், மலையேறும் முன் தண்டைச் சோதிப்பது இன்றியமையாதது. சக்கர நடுக்கம் ஓட்டத்தில் தொடங்கினால் ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, விசையைக் குறைத்து, படிப்படியாக வேகத்தைத் தணிக்க வேண்டும்.

நான்கு சக்கர இயக்கத்தில் ஓர் அச்சை மட்டும் உயர்த்தி வைத்துப் பொறியைக் கியரில் இயக்கினால், தரையிலுள்ள சக்கரங்கள் வண்டியைத் தாங்கியிலிருந்து தள்ளிவிடும். சில வண்டிகளில் கைப்பிரேக் பகிர்வுப் பெட்டியின் பின்புறத்தில் அமைந்து, பின் தண்டின் வழியாகவே சக்கரங்களைப் பிடிக்கிறது. இவற்றில் பின் தண்டைக் கழற்றினால் கைப்பிரேக் பயனற்றுப் போகும். ஆகவே எத்தண்டைக் கழற்றும் முன்னும் சக்கரங்களுக்கு அடைக்கட்டை இடுதல் வேண்டும். ஆற்றுப் பள்ளங்களைக் கடந்து வரும் வண்டிகளில் சக்கரக் குடங்களையும் மூட்டுகளையும் திறந்து பார்த்து, நீர் கலந்த கிரீஸை மாற்றுவது இவ்வதிர்வு பெரும்பாலும் தோன்றாமலே தடுக்கும் வழியாகும்.

இவற்றையும் பார்க்க

- நான்கு சக்கர இயக்கம்
- யூனிவர்சல் மூட்டு
- வேறுபாட்டுப் பல்லிணை
- கொட்பளவி
- திம்பம் மலைப்பாதை